நூறு வரை சொல்லும் பிள்ளைக்கு ஏழு தெரியுமா?

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஏதாவது ஒரு முன்பள்ளியின் ஒளிவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? அபிநயப் பாட்டு முடியும், நத்தார் தாத்தா வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார், பிறகு எப்படியும் ஒரு பிள்ளையை ஒலிவாங்கிக்கு முன்னால் தூக்கி நிறுத்துவார்கள். பிள்ளை ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லும். இருபத்தொன்பதில் தடுமாறும், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ரீச்சர் "முப்பது" என்று எடுத்துக்கொடுப்பார். முப்பத்தொன்பதிலும் ஒருமுறை எடுத்துக்கொடுக்க வேண்டிவரும். நூறு வந்ததும் மண்டபம் கைதட்டும். பிரதம விருந்தினர் தன் உரையில் அந்தப் பிள்ளையை நாளைய பொறியியலாளர் என்பார். தாய் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்ப்பார்.

பிள்ளை செய்ததில் ஒரு குறையும் இல்லை. கைதட்டியவர்கள் நம்பியதுதான் தவறு. நூறு வரை சொல்லத் தெரிந்தால் எண் வந்துவிட்டது, கொப்பியில் எழுதத் தெரிந்தால் கணக்கு வந்துவிட்டது, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் எழுதினால் மற்றவர்களை விடக் கெட்டி என்று ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். யாழ்ப்பாண நகரத்திலும் இதே நம்பிக்கைதான். கட்டணம் மட்டும் அங்கே கூட. இந்த நம்பிக்கை பொய் என்பதோடு, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளின் காலை நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

சோதித்துப் பார்க்க ஒரு சிரட்டை புளியங்கொட்டை போதும். நூறு வரை சொல்லும் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏழு கொட்டை எடுத்துத் தாங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளைகளில் பலர் எண்ணாமலே ஒரு கைப்பிடி அள்ளித் தருவார்கள். "இது ஏழோ?" என்றால் "ஓம்" என்பார்கள். "எண்ணிப் பாருங்கோ" என்றால் எண்ணுவார்கள், பதினொன்றிலோ பன்னிரண்டிலோ போய் நிற்பார்கள், அதற்குப் பிறகும் அது ஏழுதான் என்பார்கள். இன்னொரு சோதனையும் உண்டு. ஐந்து கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். பிள்ளை "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு" என்று சரியாக எண்ணும். உடனே "அப்ப எத்தினை இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியில் சொன்ன "அஞ்சு" என்பதே இந்தக் கேள்விக்கு விடை என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அதன் காதில் எண் என்பது வரிசையாகப் பாடும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டின் கடைசிச் சொல் முன்னால் கிடக்கும் கொட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்ந்த பெயர் என்ற எண்ணம் அதற்கு வந்திருக்காது.

அந்தப் பிள்ளை மந்தம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். உலகம் முழுவதும் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். 1978 இல் ரொச்செல் கெல்மன், ராண்டி கலிஸ்ரல் என்ற இருவர் பிள்ளை எண்ணுவதை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். சொற்களை மாறாத வரிசையில் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டும் போக வேண்டும். கடைசிச் சொல்தான் மொத்தம் என்று தெரிய வேண்டும். எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம் என்றும் தெரிய வேண்டும். ஒளிவிழாவில் கைதட்டு வாங்கியது இவற்றில் முதலாவது மட்டும். 1990களின் தொடக்கத்தில் கரன் வின் என்ற ஆய்வாளர், நான் மேலே சொன்ன "எடுத்துத் தா" சோதனையைக் கொண்டு இன்னொன்றைக் கண்டார். பத்து வரை வாயால் சொல்லும் பிள்ளை, முதலில் "ஒன்று தா" என்றால் மட்டும் சரியாகத் தருகிறது. இரண்டு கேட்டால் ஒரு பிடி. சில மாதம் கழித்து இரண்டு பிடிபடுகிறது. மேலும் சில மாதத்தில் மூன்று. அதற்குப் பிறகுதான் ஒருநாள் எண்ணுவதன் சூட்சுமமே விளங்கி, எத்தனை கேட்டாலும் எண்ணித் தருகிறது. வாய் பத்துக்குப் போன பிறகு கை பத்துக்கு வந்துசேர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிறது. முன்பள்ளி இருப்பதே அந்த ஒரு வருடத்துக்காகத்தான். நாங்கள் அதை வாயை நூறு வரைக்கும் நீட்டுவதில் செலவழிக்கிறோம்.

தமிழ்ப் பிள்ளை எண்ணும்போது வரும் ஒரு பிழையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். எங்கள் பேச்சில் ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லாமே இரண்டு தட்டுச் சொற்கள்: ஒண்-டு, ரெண்-டு, மூண்-டு, நா-லு. சிப்பிகளை எண்ணிய ஒரு பெண்பிள்ளை "ஒண்" என்று முதற் சிப்பியைத் தொட்டாள், "டு" என்று அடுத்ததைத் தொட்டாள். "ரெண்" மூன்றாவது, "டு" நான்காவது, "மூண்" ஐந்தாவது. சிப்பி முடிந்துவிட்டது, சொல் பாதியில் நின்றது. வேறு சிப்பி கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "டு" என்று தன் முழங்காலைத் தொட்டாள். விரலும் வாயும் ஒரே தாளத்தில் போயின. சொல்லும் பொருளும் இணையவில்லை. இந்தப் பிழையைக் கொப்பி ஒருநாளும் காட்டித்தராது. ரீச்சர் பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிப்பியையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி எண்ணச் சொன்னால் சில கிழமைகளில் சரியாகிவிடும். நகர்த்திய சிப்பியைத் திரும்ப எண்ண முடியாது, நகர்த்தாமல் விட்டது கண்ணில் படும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் பிள்ளையின் கையில் சிப்பி இருந்தால்தான் இதைச் செய்யலாம். பென்சில் இருந்தால் முடியாது.

கொப்பியில் என்ன நடக்கிறது? சதுரக் கொப்பி வாங்குகிறோம். ரீச்சர் மேல் வரியில் சிவப்பு மையால் 1 2 3 4 5 என்று எழுதிவிடுகிறார். பிள்ளை கீழே நிரப்புகிறது. எப்படி நிரப்புகிறது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு. முதலில் 1 ஐ மேலிருந்து கீழாகப் பக்கம் முழுவதும் இறக்கும். பிறகு 2 ஐ இறக்கும். பிறகு 3. பக்கம் அழகாக நிறைகிறது; அதில் எண் வரிசை என்று ஒன்று பிள்ளையின் மனதில் ஓடவே இல்லை. அது கோலம் போட்டிருக்கிறது. ரீச்சர் சரி போட்டு நட்சத்திரம் ஒட்டுகிறார், வீட்டில் கொப்பியைத் திறந்து எல்லோருக்கும் காட்டுகிறார்கள். 3 திரும்பி நின்றால் வீட்டில் பதற்றம், அழிறப்பர், சில வீடுகளில் குட்டு. ஆறு வயது வரைக்கும் இலக்கம் திரும்பி விழுவது சாதாரணம் என்று யாரும் அந்தத் தாய்க்குச் சொல்வதில்லை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பச்சரிசியில் விரலைப் பிடித்துத்தான் எழுதுவிக்கிறோம். அந்த அரிசியும் விரலும் அன்றைக்கு ஒருநாளோடு முடிந்து, அடுத்த திங்கட்கிழமை பென்சிலும் கொப்பியும் ஏன் வருகின்றன என்று நாங்கள் யோசிப்பதே இல்லை.

முன்பள்ளி ஆசிரியைகளைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அநேகமானவர்கள் இதெல்லாம் பயிற்சியில் படித்தவர்கள். சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்கிறவர்கள். அவர்கள் மண்ணிலும் தண்ணீரிலும் விளையாட விட்டால், வாசலில் ஒரு தாய் வந்து நிற்பார்: "ரீச்சர், மூண்டு மாசமா வாறான், கொப்பியில இன்னும் ஒண்டும் எழுதேல்லையே?" அடுத்த கிழமை அந்தத் தாய் பிள்ளையை வேறு முன்பள்ளிக்கு மாற்றிவிடுவார். 1990களின் தொடக்கத்து இடப்பெயர்வுக்குப் பிறகு தீவகத்தின் ஊர்கள் பல பழையபடி நிரம்பவே இல்லை. வகுப்பில் இருப்பதே கொஞ்சப் பிள்ளைகள். நாலு பிள்ளை போய்விட்டால் முன்பள்ளியின் கதவே மூடிவிடும். அந்தப் பயத்தில்தான் மேல் வரியில் சிவப்பு மை விழுகிறது.

பெற்றாருக்கும் ஒரு பயம் இருக்கிறது. அதன் பெயர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். பத்து வயதில் எழுதும் ஒரு பரீட்சையின் நிழல் மூன்று வயது வரைக்கும் விழுகிறது. தீவில் படிக்கும் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அச்சம் நகரத்துப் பெற்றாரை விடத் தீவுப் பெற்றாருக்குக் கூட. வெட்டுப்புள்ளி, நகரத்துக் கல்லூரி, அதற்குப் பிறகுதான் வாழ்க்கை என்று கணக்குப் போடுகிறவர்களிடம் சிப்பியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். அச்சம் நியாயமானது. அதற்குத் தேடிய மருந்துதான் பிழை. சிறு வயதில் எண்ணறிவு முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லை. 2007 இல் கிரெக் டங்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளின் நீண்டகாலத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாடசாலைக்குள் நுழையும்போது பிள்ளைக்கு இருந்த எண்ணறிவுதான் பிற்காலப் படிப்பை எல்லாவற்றையும் விட நன்றாக முன்கூட்டிக் காட்டியது. அங்கே எண்ணறிவு என்று அளந்தது கொப்பி எழுத்தையோ நூறு வரை ஒப்பிப்பதையோ மட்டும் வைத்தல்ல. எது கூட, எது குறைய, எத்தனை இருக்கிறது, ஒன்றைச் சேர்த்தால் எத்தனை என்ற விளக்கத்தையும் வைத்து. புலமைப்பரிசிலைக் குறிவைக்கிற பெற்றாரே முதலில் பயப்பட வேண்டியது, பிள்ளை நூறு வரை ஒப்பித்துவிட்டு ஏழைத் தரத் தெரியாமல் முதலாம் தரத்துக்குப் போவதைப் பார்த்துத்தான்.

முதலாம் தரத்தில் அரசாங்கம் என்ன கேட்கிறது? 1998 இல் கம்பகாவில் தொடங்கி 1999 இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் இரண்டு தரங்களிலும் விளையாட்டையும் செயற்பாட்டையும் முன்னுக்கு வைத்து, எழுத்து வேலைக்குப் பின்னால் இடம் கொடுத்தது. பொருட்களை வகைப்படுத்துவது, ஒப்பிடுவது, ஒன்றுக்கொன்று பொருத்துவது என்றுதான் கணிதம் தொடங்குகிறது. ஐந்து வயதுக்குப் பிறகு செய்ய வேண்டியதென்று அரசாங்கம் வைத்திருப்பதை விடக் கடினமானதை மூன்று வயதில் செய்விக்கிறோம். பிறகு முதலாம் தரத்தில் அந்தப் பிள்ளை "இதெல்லாம் தெரியும்" என்று சலித்துப்போய் இருக்கிறது. தெரியாது, தெரியும் என்று நினைக்கப் பழக்கியிருக்கிறோம்.

பெயர்ப்பலகையில் மொன்ரிசோரி என்று போட்டுக்கொள்ளும் முன்பள்ளிகளிலும் இதுதான் நடக்கிறது என்பது தனிக் கூத்து. மரியா மொன்ரிசோரி 1907 இல் உரோமில் தன் முதற் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் இருந்தார், 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய எண் பாடம் முழுக்கக் கையில் தூக்கும் பாடம். ஒன்றிலிருந்து பத்து வரை நீளம் கூடிக்கொண்டு போகும் மரத்தடிகள் இருக்கும். பத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். ஒன்றை விரல்களால் தூக்கலாம். பெரிய எண் பெரியது என்று தோள் முதலில் சொல்லும். இன்னொரு பெட்டியில் 0 முதல் 9 வரை அறைகள். பிள்ளை ஒவ்வொரு அறையிலும் அத்தனை குச்சியைப் போடும். 0 அறையில் ஒன்றும் போடுவதில்லை. வெறும் அறையைப் பார்த்துத்தான் சைபர் என்றால் என்ன என்று நாலு வயதுப் பிள்ளை படிக்கிறது. அவருடைய பெயரைப் பலகையில் எழுதிவிட்டு உள்ளே நூறு வரை எழுதச் சொல்வதற்குப் பதில் பலகையில் வேறு யாருடைய பெயரையாவது போடலாம்.

மரத்தடி வாங்க எங்களிடம் காசு இல்லை என்று சிலர் சொல்வார்கள். தீவகத்தில் இதற்குக் காசு தேவைப்படுவதே இல்லை. தென்னையின் கீழ் குரும்பட்டி கொட்டிக் கிடக்கிறது. கிழங்கு கிண்டிய பாத்தியில் ஊமல் கிடக்கிறது. கரைக்குப் போனால் சிப்பி, சோகி. ஓலையைக் கிழித்தால் ஈர்க்கு. பத்து ஈர்க்கைக் கட்டி ஒரு கட்டு என்றும், மிச்சத்தைத் தனி ஈர்க்கு என்றும் வைத்தால் பதின்மூன்று என்பதைப் பிள்ளை கையில் பிடிக்கலாம்: ஒரு கட்டு, மூன்று தனி. பத்து ஈர்க்கை எண்ணிக் கட்டும் பிள்ளைக்கு, 13 இல் உள்ள ஒன்று ஏன் பத்து என்பதைப் பிறகு யாரும் பிரம்பெடுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பொருள் மட்டுமா, எண்ணுவதற்குக் காரணமும் இங்கே வேண்டிய மட்டும் உண்டு. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று. "எங்கட வீட்டில எத்தினை பேர் வந்தனாங்கள்? எத்தினை அங்கி வேணும்? அப்பாவுக்கு இல்லையே, இன்னும் ஒண்டு கேள்" என்று ஒரு தாய் பிள்ளையிடம் சொன்னால் அதுதான் ஒன்றுக்கொன்று பொருத்துதல். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வந்து அமுதசுரபி மண்டபத்தில் சாப்பிட உட்காரும்போதும் ஆளுக்கொரு தட்டு, ஒருவருக்குக் குறைந்தால் எல்லோருக்கும் தெரியும். ஊர்காவற்றுறைக் கரையில் காலையில் மீனைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருப்பார்கள். எந்தக் கூறு பெரிது என்று பிள்ளையிடம் கேட்கலாம். ஒரு கூறில் பெரிய மீன் மூன்று, இன்னொன்றில் சின்ன மீன் எட்டு. எண்ணிக்கை கூடியது எது, பாரம் கூடியது எது? இடத்தை நிறைத்தால் கூட இருக்கிறது என்று நினைக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் உளவியலாளர் பியாஜே 1941 இல் எண்ணைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கடற்கரையில் அந்தப் பாடம் தினமும் பாயில் விரித்துக் கிடக்கிறது. ஆனால் கேட்க ஆள் இல்லை. பிள்ளையை வீட்டில் இருத்திக் கொப்பி எழுதச் சொல்லிவிட்டுத்தான் அப்பம்மா மீன் வாங்கப் போகிறார்.

விளையாட்டுக்கும் சான்று உண்டு. 2008 இல் ரொபேட் சீக்லரும் கீதா ரமணியும் அமெரிக்காவில் வறுமைப்பட்ட குடும்பத்து முன்பள்ளிப் பிள்ளைகளோடு, 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் கட்டம் போட்ட ஒரு பலகை விளையாட்டை விளையாடினார்கள். இரண்டு கிழமைக்குள் நாலு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம். அவ்வளவுதான். எண்களில் எது பெரிது, எது எங்கே இருக்கிறது என்பதில் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். இலக்கத்துக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் விளையாடியவர்கள் முன்னேறவில்லை. எங்கள் வீடுகளில் சோகி உருட்டித் தாயம் ஆடினார்கள், கொக்கான் வெட்டினார்கள். இப்போது கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பாம்பும் ஏணியும் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. முன்பள்ளி விறாந்தையில் சோக்கட்டியால் பத்துக் கட்டம் கீறினால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒண்டு, ரெண்டு" என்று நகர விடாதீர்கள். "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் இலக்கத்தைச் சொல்லி நகர விடுங்கள். பயன் அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

விரல் விட்டு எண்ணக்கூடாது என்று கையில் தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "விரல்விட்டு எண்ணிறவன் கணக்கில மொக்கன்" என்பது எங்கள் ஊரில் வேதவாக்கு. 2024 இல் வெளியான, பிரான்ஸில் நடத்திய ஆய்வொன்றில், விரல் பயன்படுத்தாத ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு விரலால் எண்ணப் பழக்கினார்கள். சிறு கூட்டல்களில் அவர்களுடைய சரியான விடைகள் 37 வீதத்திலிருந்து 77 வீதத்துக்கு ஏறின. பத்து விரலும் கடவுள் கொடுத்த எண்சட்டம். நாங்கள் அதைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கட்டிவைக்கிறோம்.

இங்கிலிஷ் மோகம் இன்னொரு பக்கம். எண்ணையே "வன், ரூ, திறீ" என்று தொடங்கும் முன்பள்ளிகள் பெருகுகின்றன. தமிழில் பத்துக்கு மேல் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று போகும்போது ஒவ்வொன்றிலும் பத்து ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இங்கிலிஷில் இலெவன், ருவெல்வ் என்பவற்றைப் பத்தோடு சேர்க்க ஒரு வழியும் இல்லை. இங்கிலிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளே அந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றும், பத்தும் ஒன்றும் என்று நேராகச் சொல்லும் சீனப் பிள்ளைகள் அங்கே முன்னுக்குப் போகிறார்கள் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கையில் கிடைத்த வசதியை விட்டுவிட்டு, வேறொருவருடைய சிரமத்தைக் கட்டணம் கட்டி வாங்குகிறோம். இங்கிலிஷ் பாட்டுப் படிப்பியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எண்ணத் தொடங்குவது வீட்டில் மீனை எண்ணும் மொழியில் இருக்கட்டும்.

இனி, எதிர்ப்பேச்சு. முதலாவது: "எங்கட ஆக்கள் எல்லாரும் மனனம் பண்ணித்தானே படிச்சவை?" உண்மைதான். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரத்துச் சொல்லித்தான் படித்தார்கள். முந்திரி, காணி, மா, மாகாணி என்று பின்னங்கள் வரைக்கும் வாய்ப்பாடாகப் பாடினார்கள். 2022 இல் வெளியான தன் நூலில் செந்தில் பாபு அந்தப் பள்ளிகளின் கணக்கை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே மனப்பாடம் வெறும் ஒப்புவித்தலாக இருக்கவில்லை. நெல்லை அளப்பதும் நிலத்தை அளப்பதும் கூலி பிரிப்பதும் அந்தப் பிள்ளையின் கண்முன் தினமும் நடந்தன. சுவடியில் இருந்த சொல்லுக்கு ஊரில் ஒரு பொருள் இருந்தது. அந்த மனனத்தை நான் மதிக்கிறேன். எண்களை வரிசை மாறாமல் சொல்லப் பழகுவதும் தேவைதான். மேலே சொன்ன ஐந்தில் அதுவும் ஒன்று. பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு வாயை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு மரபு என்று பெயர் சூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இரண்டாவது எதிர்ப்பேச்சு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கருத்தரங்குகளில் கேட்பது: "பிள்ளைகளை விளையாட விட்டால் போதும், எல்லாம் தானாக வரும்." இதுவும் பொய். டில்லியில் பிரதம் என்ற கல்வி அமைப்போடு சேர்ந்து, 1,500 க்கு மேற்பட்ட முன்பள்ளிப் பிள்ளைகளை வைத்து எண் விளையாட்டுகளின் பயனைச் சோதித்த ஆய்வு ஒன்று 2017 இல் வெளியானது. அளவை உணரும் திறன் அவற்றை ஆடிய பிள்ளைகளிடம் கூடியது, ஒரு வருடத்துக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் பாடசாலையின் கணிதத்தில் அது பலன் தரவில்லை. விளையாட்டில் இருந்த அளவுக்கும் கரும்பலகையில் இருக்கும் இலக்கத்துக்கும் இடையில் யாரும் பாலம் போடவில்லை என்பதே எனக்குப் படும் காரணம். 2025 இல் வெளியான இன்னோர் ஆய்வு கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் மனக்கணக்கில் மிச்சக் காசு சரியாகக் கொடுப்பதையும், அதே கணக்கைப் பாடசாலை முறையில் கேட்டால் திணறுவதையும், பாடசாலையில் தேறியவர்கள் சந்தைக் கணக்கில் திணறுவதையும் காட்டியது. ஆகவே சிப்பியை எண்ணிய அன்றே, எண்ணிய பிள்ளையின் கண்முன்னால் 5 என்ற அட்டையை அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வாயால் சொன்ன அஞ்சு, கையில் இருந்த அஞ்சு, அட்டையில் உள்ள 5 மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு ஆசிரியை வேண்டும். விளையாட விட்டுவிட்டுக் கதிரையில் இருந்து தொலைபேசி பார்ப்பவர் அந்த ஆசிரியை இல்லை.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தாருக்கு. புங்குடுதீவு, வேலணை, நெடுந்தீவு என்று எந்த ஊரின் முன்பள்ளிக்கும் உங்கள் பணம் வருகிறது, நன்றி. வரும்போது அநேகமாகக் கொப்பிக் கட்டும் பயிற்சிப் புத்தகமுமாக வருகிறது. சுவிஸில் இருக்கிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் பிள்ளைகள் நாலு வயதில் கிண்டர்கார்டனுக்குப் போனார்கள்; பெரும்பாலான கன்ரன்களில் அது இரண்டு வருடம் கட்டாயம். அந்த இரண்டு வருடமும் அவர்கள் நூறு வரை எழுதினார்களா? காட்டுக்குப் போய்க் காய் பொறுக்கிக்கொண்டு வந்து தரம் பிரித்தார்கள். முறையான எழுத்தும் கணக்கும் ஆறு வயதுக்குப் பிறகு முதலாம் வகுப்பில்தான் தொடங்கின. அந்தப் படிப்பு உங்கள் பிள்ளைக்கு நல்லதென்றால் ஊரிலிருக்கும் உங்கள் மருமகனுக்கும் அது நல்லதுதான். அடுத்த முறை பொதி கட்டும்போது கொப்பியை விடுங்கள். பாய், மரப்பெட்டி, தராசு, மணல்தொட்டி என்று அனுப்புங்கள். முடிந்தால் ஆசிரியையின் கொடுப்பனவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றாரிடம் கேட்பது இன்னும் சின்ன விசயம். பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது "இண்டைக்கு எத்தினை பக்கம் எழுதினவன்?" என்று ரீச்சரைக் கேட்பதை நிறுத்துங்கள். "இண்டைக்கு எதை எண்ணினவன்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நீங்கள் மாற்றினால் ரீச்சர் சிவப்பு மையை மூடிவைத்துவிடுவார். அவர் காத்திருப்பது அதற்குத்தான்.